முதலில் வாகைக் கட்டை

துப்பாக்கிக்குக் கட்டை செதுக்கும் ஜெசிந்தாவின் பட்டறை, வத்தலக்குண்டில் மலைச்சாலை தொடங்கும் இடத்தில் இருந்தது. அவருக்கு வயது நாற்பது. சிறிய கைகள். அவரிடம் தொழில் கற்ற மகாலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் கதவும் நிலையும் செய்தவர்.

சேர்ந்த அன்று ஜெசிந்தா தன் உளி ஒன்றை அவருக்குக் கொடுத்தார். மூன்று வருடமாக மகாலிங்கம் வேறு உளியைத் தொடவில்லை.

ஒரு நாள் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர் சௌந்தரபாண்டி வந்தார். குட்டையான ஆள். காட்டுப்பன்றியிடமிருந்து தோட்டத்தைக் காக்க அவருடைய அப்பா உரிமம் எடுத்து வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி கையில் இருந்தது. தோளில் அணைக்கும் மரக்கட்டை பிடியருகே பிளந்திருந்தது. கூடவே ஒரு வால்நட் மரத்துண்டு. காஷ்மீரில் பட்டாளத்தில் இருக்கும் மகன் சுமந்து வந்தது.

“எங்கப்பா கட்டை எப்படியோ அப்படியே வேணும்மா. ஒரு நூல் பிசகக் கூடாது.”

“சரி” என்றார் ஜெசிந்தா.

சௌந்தரபாண்டி போனதும் மகாலிங்கம் வால்நட் துண்டை எடுத்து ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தார். ரேகைகள் எழுந்து வந்தன.

“இதை நான் செய்யறேம்மா. மூணு வருசமா மாமரமும் வாகையுமாத்தான் செதுக்கறேன். நல்ல மரத்தை என் கையில எப்பத்தான் கொடுப்பீங்க?”

ஜெசிந்தா அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வாகைத் துண்டை நீட்டினார்.

“முதல்ல இதுல செய்யுங்கண்ணே. அவர் வந்து பிடிச்சுப் பாத்துச் சரின்னு சொல்லட்டும். வால்நட் உங்களுக்கு.”

மகாலிங்கம் இருபது நாள் செதுக்கினார். இரும்பில் விளக்குக் கரி பூசி மரத்தில் பொருத்துவார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுவார். மறுபடி பூசுவார். உள்ளங்கை கொப்பளித்தது. துணி சுற்றிக்கொண்டு செதுக்கினார். பழைய கட்டையில் கன்னம் பட்டுப் பட்டுத் தேய்ந்த குழியைக்கூட விடவில்லை.

ஜெசிந்தா இரண்டு கட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“பிளவு ஒண்ணுதான் பாக்கி. மத்ததெல்லாம் வந்துடுச்சு.”

மகாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அன்றே சௌந்தரபாண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

சௌந்தரபாண்டி வந்து கட்டையைத் தடவினார். குழியில் விரல் நின்றது.

“அப்பா கன்னம்” என்றார். பிறகு மகாலிங்கத்தின் கையைப் பார்த்தார். “என்ன கட்டு?”

“உளி பட்டதுங்க. பழகிடும்” என்ற மகாலிங்கம் அலமாரியைப் பார்த்தார்.

ஜெசிந்தா குழல்களைத் திறந்து காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் வாகைக் கட்டை பொருத்திய துப்பாக்கியைச் சௌந்தரபாண்டியிடம் கொடுத்தார்.

“கண்ணை மூடிக்கிட்டுத் தோள்ல வைங்க.”

வைக்கும்போது கட்டையின் அடி சட்டையில் மாட்டியது. எடுத்து மறுபடி வைத்தார்.

“அசையாம கண்ணைத் திறங்க. எதிர்ச் சுவத்துல காலண்டர் தெரியுதா?”

“இல்ல. இரும்புதான் தெரியுது.”

“காலண்டர் தெரிய என்ன செய்வீங்க?”

சௌந்தரபாண்டி கழுத்தை எக்கினார். கன்னம் குழியை விட்டு மேலே வந்தது. துப்பாக்கி ஆடியது.

“எப்பவும் இப்படித்தாம்மா சுடுவேன்.”

“அப்பா நல்ல உயரமோ?”

“ஆமா. ஒட்டகம்னுதான் ஊர்ல பேரு.”

சொல்லிவிட்டுத் துப்பாக்கியை மெதுவாக இறக்கினார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அப்பா போய் இருபத்திரண்டு வருசமா நான்தான் சுடறேன். அவர் சுட்டா விழும். நான் சுட்டா ஓடும். அப்பா கை உனக்கு வரலைன்னு எங்கம்மாவே சொல்லிட்டாங்க.”

“கை வந்திருக்கும். கழுத்துதான் வரல.”

சௌந்தரபாண்டி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. துப்பாக்கியை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

“எனக்கு அளவு எடுங்கம்மா.”

ஜெசிந்தா முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை அளந்தார். தோளுக்கும் கண்ணுக்கும் உள்ள உயரத்தை அளந்தார். மகாலிங்கம் எழுதிக்கொண்டார். போகும்போது சௌந்தரபாண்டி அப்பாவின் பிளந்த கட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கழற்றிய வாகைக் கட்டை மேசையில் கிடந்தது.

மகாலிங்கம் அதை எடுத்துக் கன்னக் குழியைத் தடவினார். பிறகு கேட்டார்.

“முதல் நாளே உங்களுக்குத் தெரியும், இல்ல?”

“தெரியும்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“அவரை நீங்களும்தானே பாத்தீங்கண்ணே.”

“கட்டையைத்தான் பாத்தேன்.” குரல் இறங்கியது. “அப்ப வால்நட் எனக்கு இல்ல.”

ஜெசிந்தா அலமாரியைத் திறந்து வால்நட் துண்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

மகாலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். கையில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டு உளியை எடுத்தார். அதன் பிடி அவர் உள்ளங்கைக்குள் காணாமல் போனது.

“ஆரம்பிக்கட்டுமா?”

“ஆரம்பிங்க. அந்த வாகைக் கட்டையில ஒரு துண்டு அறுத்து, முதல்ல உளிக்குப் பிடி போடுங்க.”