ராஜா படகிலேயே நின்ற கதை

வெகு காலத்துக்கு முன்னால், உப்புக்காற்று ஓயாத நெய்தலங்காட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் பேசியவர் சொல்லே அவனுக்கு வேதம். பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள் சபைப் பண்டிதர் கனகசபேசர். மந்திரி அம்பலவாணருக்கு இது தீராத தலைவலி.

ஒருநாள் ஏழு படகுகள் துறைக்கு வந்து நின்றன. தீவுக் கிணறெல்லாம் உப்பாகிவிட, சட்டி பானை, கோழிக்கூண்டோடு புறப்பட்டு வந்த சனம். அவர்களின் தலைவி செம்பாயி படகில் நின்றபடியே மந்திரியைக் கும்பிட்டாள்.

"ஐயா, எம் மருமவளுக்கு இது நிறைமாசம். எறங்கிக் குடிசை போட்டுக்க எடம் குடுத்தாப் போதும்."

மந்திரி மனம் இரங்கினார். பண்டிதருக்கு அதுவே பொறுக்கவில்லை. சபைக்கு ஓடினார்.

"மன்னா! ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதையாகிவிடும். சட்டம் போடுங்கள்! வெளித்தீவில் ஓர் இரவேனும் தங்கிவிட்டுப் படகில் வருகிறவர் யாரும் நம் கரையில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் கால் போகும்!"

"யாருக்கும் விலக்கில்லையா, பண்டிதரே?" என்றார் பின்னாலேயே வந்துசேர்ந்த அம்பலவாணர்.

"விலக்கு வைத்தால் அது சட்டமா, சல்லடையா?"

சபை சிரித்தது. ராஜா ஓலையில் முத்திரை குத்தினான்.

சட்டம் காலைத்தானே தடுக்கிறது, பானையைத் தடுக்கவில்லையே என்று அம்பலவாணர் தண்ணீரும் அரிசியும் படகுகளுக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் ராஜாவின் காதில் கடைசியாகப் பேசியவர் அவர்தான்.

"வெயில் கொளுத்துகிறது மன்னா. பவளத்தீவில் தென்னை நிழலும் இளநீருமாக இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்களேன். பேச்சுத்துணைக்குப் பண்டிதரையும் அழைத்துப் போங்கள்."

போனார்கள். மூன்றாம் நாள், வயிறு நிறைய மீனும் மனசு நிறையச் சந்தோஷமுமாக ராஜா திரும்பி வந்தான். துறையில் காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே பிடித்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அம்பலவாணர், கும்பிட்ட கையோடு. ஒன்று அவருக்குத் தெரியும்: ராஜா சிரித்தால் பிழைத்தோம், முறைத்தால் தலை போயிற்று.

"மன்னிக்க வேண்டும் மன்னா. தீவில் இரண்டு இரவு தங்கிவிட்டு வருகிறீர்கள். இறங்கினால் தங்கள் திருப்பாதத்தை நான்..."

"அம்பலவாணரே! நான் இந்த மண்ணின் ராஜா!"

"ஓலையில் இருக்கும் முத்திரையும் அவருடையதுதான் மன்னா."

"ராஜாவுக்கு விலக்கு உண்டு!" என்று பண்டிதர் கத்தினார். அலையாட்டத்தில் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"சல்லடையாகிவிடுமே, பண்டிதரே!"

உச்சி வெயில் ஏறியது. இளநீர் தீர்ந்தது. பக்கத்துப் படகிலிருந்து செம்பாயி ஒரு செம்பு கஞ்சியை எட்டி நீட்டினாள்.

"குடிங்க மகாராசா. நாங்களும் நாலு நாளா இப்படித்தான் கரையப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம்." பிறகு ராஜாவின் படகில் பறந்த கொடியை அண்ணாந்து பார்த்தாள். "ஒங்க கொடியிலயும் படகுதான் போட்டிருக்கு. ஒங்க முப்பாட்டனாரும் எங்கள மாதிரி வந்தவங்களா?"

ராஜா கஞ்சிச் செம்பை இறக்கினான். முகம் சிவந்தது. அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம்தான் ராஜாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஆமாம் தாயே! அன்றைக்கு இந்தக் கரையில் ஒரு கனகசபேசர் இருந்திருந்தால் எங்கள் குலமே இன்னும் கடலில்தான் கிடந்திருக்கும்!"

சட்ட ஓலையை வாங்கி அங்கேயே கிழித்துப் போட்டான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு எறிந்தான்.

"இப்போது இறங்கலாம் மன்னா," என்றார் அம்பலவாணர். அவருக்குப் போன உயிர் திரும்பியிருந்தது.

"நானா? எனக்கு முன்னால் ஏழு படகு நிற்கிறதே. முந்தி வந்தவர் முந்தி இறங்கட்டும். பண்டிதரே, அவர்கள் மூட்டையையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு நீர் கடைசியாக வாரும்."

முதலில் இறங்கியவள் செம்பாயியின் மருமகள். ஏழு படகும் காலியான பிறகு, எட்டாவது படகிலிருந்துதான் ராஜா இறங்கினான்.

பொழுது சாயும் நேரம், பண்டிதர் கடைசிக் கோழிக்கூண்டைத் தலையில் சுமந்து மணலில் கால் வைத்தார். துறைச் சாவடிக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. செம்பாயியின் பேத்தி. பண்டிதருக்கு முன்னாலேயே கரைக்கு வந்துவிட்டவள்.