ஆள்காட்டிக்குக் கிளை இல்லாமல் போனது

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் ஒரே பேச்சுப் பேசின. காட்டை ஆண்ட யானையின் பெயர் கருங்கொம்பன். அதன் காதோரம் உட்கார்ந்து யோசனை சொல்வது ஆள்காட்டிக் குருவியின் வேலை. இரண்டும் சிறு வயது முதல் நண்பர்கள். சபையில் "அரசே" என்று அழைக்கும் குருவி, காதுக்குள் மட்டும் "கொம்பா" என்று கூப்பிடும். காதில் சொன்னது காதோடு இருக்கவேண்டும் என்பது அவற்றின் ஒப்பந்தம்.

ஒரு கோடையில் குட்டைகள் வற்றிப்போயின. எல்லோரும் கிழக்குப் பாதையில் பெரிய ஏரிக்குப் போகலாம் என்று யானை அறிவித்தது. காடே ஆரவாரித்தது. புறப்படும் நேரத்தில் குருவி கெட்ட செய்தியோடு வந்தது. வேடர்கள் அந்தப் பாதையில் குழி வெட்டி, மேலே தழை பரப்பியிருந்தார்கள்.

"வடக்கே திரும்பு, கொம்பா. சுற்றுதான். ஆனால் குழி இல்லை."

"ஊரறியச் சொல்லிவிட்டேன். இப்போது மாற்றினால் யார் மதிப்பார்கள்? நீ பார்த்தது பழைய பள்ளமாக இருக்கும்."

"தழை இன்னும் வாடவில்லை."

"பேசாமல் உட்கார்."

குருவி உட்கார்ந்தது. கூட்டம் நடந்தது. எல்லோருக்கும் முன்னால் துள்ளி ஓடியது யானையின் சொந்தக் கன்று. தழை கண்ணில் பட்டதும் குருவி காதை விட்டு எழும்பி, எல்லோர் தலைக்கும் மேலே பறந்து கத்தியது.

"குழி இருக்கிறது, நில்லுங்கள்! கொம்பா, நில்!"

கூட்டம் நின்றது. கன்றின் முன்கால் பட்டு மண் சரிந்தது. தாய் அதன் வாலைப் பற்றிப் பின்னுக்கு இழுத்துவிட்டது.

அந்தச் செல்லப் பெயரைக் காடு அன்றுதான் முதலில் கேட்டது. குரங்குகள் "கொம்பா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தன. குழியைவிட அதுதான் யானையைச் சுட்டது.

"சந்தி சிரிக்க வைத்துவிட்டாய். இனி என் காதிலோ, இந்தக் காட்டின் எந்தக் கிளையிலோ உட்காராதே."

"தரையில்?"

"தரை எல்லோருக்கும் பொது."

கூட்டம் வடக்கே திரும்பி ஏரியை அடைந்தது. எல்லா உயிர்களும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தன. கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே குருவி முட்டையிட்டது. ஒருநாள் அந்த வழியாக வந்த யானை முட்டைகளைக் கண்டது. தூக்கிய காலை அப்படியே பின்னுக்கு வைத்து, சுற்றிக்கொண்டு போனது.

கூட வந்த மான் வாயைக் கிளறியது. "அரசே, காதில் சொல்ல இனி ஆள் வேண்டாமா?"

"அது கத்தினால் எனக்கும்தான் கேட்கும்" என்றது யானை.

அதன் பிறகு இரண்டும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அன்று தொடங்கித்தான் ஆள்காட்டி மரத்தில் அமராமல் தரையிலேயே முட்டையிடுகிறது. ஆள் நடமாட்டம் தெரிந்தால், இன்னாருக்கு என்று பாராமல் எல்லோருக்கும் கேட்கக் கத்துகிறது. அந்தக் குரல் கேட்டால் யானையும் காதை விரித்து நின்று, தும்பிக்கையால் தரையைத் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்கிறது.