பொறாமை பிடித்த பெரிய வீடு

முன்னொரு காலத்திலே, கழுதைகள் பாட்டு வாத்தியாராக இருந்த காலத்திலே, நெருஞ்சிக்குடி என்றொரு குக்கிராமம். அதன் நடுவிலே ஒரு பெரிய வீடு. வேறு வீட்டை யாராவது புகழ்ந்தால் போதும், அதற்கு வயிறு எரியும். "கிர்ர்ர்! எனக்கென்ன குறைச்சலாம்?" என்று கதவைத் திறக்கும். லபக்! புகழப்பட்ட வீடு ஆளோடு, ஆட்டோடு, அடுப்போடு உள்ளே!

இப்படியே ஊர் காலியானது. மிஞ்சியது ஒரே ஒரு குடிசை. யார் குரலையும் அச்சாகப் பேசிக்காட்டும் குருவம்மாளின் குடிசை.

ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வழியில் போன வளையல்காரர், "ஆகா, என்ன அழகான குடிசை!" என்று சொல்லித் தொலைத்தார்.

கிர்ர்ர்! எனக்கென்ன குறைச்சலாம்? லபக்! குருவம்மாளின் அம்மாவும் உள்ளே!

குடத்தோடு ஓடிவந்த குருவம்மாள் தொண்டையைக் கனைத்தாள். "ஏய் வீடே! நாட்டாமை வந்திருக்கேன். திற கதவை!"

"நாட்டாமையை நேத்தே முழுங்கியாச்சு. போடி!"

"மகாராஜா வந்திருக்கிறோம்!"

"ராஜாவுக்கு மூக்கடைப்போ?"

மூன்றாம் முறை சொந்தக் குரல்தான் வந்தது. "எங்கம்மாவை விட்டுடு. உனக்கு என்னதான் வேணும்?"

சுவரிலிருந்து பொலபொலவென்று மண் உதிர்ந்தது. வீடு அழுதது!

"எல்லா வீட்டுக்கும் திருஷ்டி பொம்மை கட்டினாங்க. என்னைக் கட்டின கஞ்சன், 'இதும்மேல எவன் கண்ணு வைப்பான்?'னு விட்டுட்டான். பசியோட வந்த மந்திரவாதியையும் விரட்டினான். 'இந்த வீடே உன் ஊரை முழுங்கட்டும்'னு மந்திரவாதி சபிச்சதும், கஞ்சன் ஊரைவிட்டே ஓடிட்டான். யாராச்சும் என்னைப் பார்த்து நிஜமா பொறாமைப்பட்டாத்தான் சாபம் தீரும். நடிப்பெல்லாம் செல்லாது!"

குருவம்மாள் வைக்கோலைத் திரித்து உடம்பு செய்தாள். குடத்தைக் கவிழ்த்துத் தலையாக்கினாள். கரியால் மீசை முறுக்கினாள். தன் பாசிமணி மாலையைக் கழற்றிப் பொம்மைக்குப் போட்டு, வீட்டு முகப்பில் கட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள்.

வீடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. அவள் முகம் கோணியது.

"சே! என் கழுத்துல இருந்தப்போ இந்த மாலை இவ்வளவு எடுப்பா இல்லையே! போயும் போயும் இந்த வீட்டுக்கா இந்த அழகு?"

நெஞ்சு சுரீரென்றது. அசல் வயிற்றெரிச்சல்!

வீடு சிரித்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. வீடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. அம்மா கரண்டியோடு வந்தாள். கடைசியில் பாதி மீசை மழித்த நாட்டாமை!

ஊர் கூடி அந்தப் பெரிய வீட்டைக் குருவம்மாளுக்கே கொடுத்தது. அங்கே அம்மாவும் மகளும் சௌக்கியமாக வாழ்ந்தார்கள். ஆனால் மாலையைக் கழற்றிக்கொள்ளலாமா என்று அவள் மெல்லக் கையை நீட்டினால் மட்டும், கதவு பெருமையாக முனகும்:

"கிர்ர்ர்! எனக்கென்ன குறைச்சல்!"