ஏட்டையா வாசலில் பொடுதலை

தாடி கிடையாது, காவி கிடையாது, ஆசிரமம் கிடையாது. குரு என்று நம்புவதற்கு முத்துப்பேச்சியிடம் ஒரு லட்சணமும் கிடையாது. வயது முப்பத்தாறு. உப்பளத்துக்குப் போகும் சாலையோரம் ஒரு துண்டு நிலத்தில், உவர் மண்ணில் எது பிழைக்குமோ அதை மட்டும் வளர்த்துக் கொடுப்பாள். நாற்று வாங்க வந்தவர்களில் நாலைந்து பேர் அவளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்து, பிறகு கேட்பதற்கென்றே வந்தார்கள். ஊர் அவர்களைச் சீடர்கள் என்று கேலி பேசியது. கேலியே பெயராக நின்றுவிட்டது.

அந்தச் சீடர்களில் மூத்தவர் ஈனமுத்து. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபத்தைந்து வயது பெரியவர். தெருவே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். ஆள் பார்க்கப் பனை உயரம், வீட்டுக்குள் போனால் வாய் திறக்க மாட்டார். மகன் திலீபன் அவர் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றினான். சரி என்றார். டி.வி.யை மாடிக்குத் தூக்கிப் போனான். அதற்கும் சரி என்றார். தானே நின்று கட்டிய வீட்டில் அவர் இஷ்டத்துக்கு என்று மிஞ்சியது வாசல் மண் ஒன்றுதான். அதிலும் கல் பதித்துக் காரை நிறுத்த வேண்டும் என்றான் மகன்.

அதற்கு மட்டும் அவருக்குச் சரி சொல்ல வாய் வரவில்லை. முடியாது என்று சொல்லவும் வரவில்லை.

"பச்சையா ஏதாச்சும் வளத்துப் பாக்கேன்ப்பா" என்று இழுத்தார்.

"ஆறு மாசம் பாருங்க. அப்புறம் கல்லுதான்" என்றான் திலீபன்.

குரு அவருக்கு ஒரு கூடை பொடுதலை கொடுத்தாள். வயல் வரப்பிலும் குளத்தங்கரையிலும் தரையோடு தரையாகக் கிடக்குமே, அதேதான். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். பூ ஒரு பட்டாணி அளவு வந்தால் பெரிய விஷயம்.

"எப்படி வளக்கணும், அம்மா?"

"நட்டுட்டு மறந்துருங்க."

ஏட்டையாவா மறப்பார்! நாலு பக்கமும் கம்பு நட்டு நைலான் கயிறு கட்டினார். வெயில் படாமல் ஓலைத்தட்டி சாய்த்தார். வாரம் தவறாமல் சாணி உரம் போட்டார். அதோடு விட்டாரா? சிவப்பு பெயிண்டில் 'மிதிக்காதீர்' என்று எழுதிப் பலகையும் வைத்தார். தெருக்குழாய்க்குப் போகும் பெண்களுக்கு அவர் வாசல்தான் வெகுநாளாகக் குறுக்கு வழி. இப்போது நிறைகுடத்தோடு சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அவரை அவர்கள் திட்டியதை எழுத்தில் போட முடியாது.

நாலு மாதம் போனது. செடி வெளுத்துப்போய் நெட்டுக்கு நின்றது. தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே மண் பல்லிளித்தது. திலீபன் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பை ஏட்டையாவால் தாங்க முடியவில்லை. நேரே குருவிடம் ஓடினார்.

"நல்ல உரமா ஒண்ணு சொல்லுங்க, அம்மா."

குரு அவரோடு கிளம்பி வந்தாள். வாசலைப் பார்த்தாள். கயிற்றை அறுத்தாள். தட்டியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். பலகையைச் சுவரில் குப்புறச் சாய்த்தாள். பிறகு செருப்புக் காலோடு செடிமேல் ஏறி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"ஐயையோ, செத்துரும்மா!"

"செத்தா சொல்லி அனுப்புங்க."

குழாயடியிலிருந்து வந்த பெண்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "எக்கா, ஏன் சுத்திப் போறீங்க? இப்படியே வாங்க."

ஒருத்தி ஏட்டையா முகத்தைப் பார்த்தாள். "ஏட்டையா வைவாவளே?"

"வைய மாட்டாவ. வாங்க."

வந்தார்கள். நாலு மாதக் கோபத்தையும் காலில் வைத்து மிதித்தார்கள். குடம் தளும்பி வழியெல்லாம் தண்ணீர் சிந்தியது. ஏட்டையா குருவை மனசுக்குள் திட்டக்கூடத் திட்டினார்.

செடி சாகவில்லை. மிதிபட்ட தண்டு மண்ணில் படிந்தது. படிந்த இடத்தில் ஒவ்வொரு கணுவும் வேர் விட்டது. இரண்டு மாதத்தில் வாசல் முழுக்க, விரல் நுழைய இடமில்லாமல் பச்சை மூடிக்கொண்டது. தேனீ வந்தது. ஏட்டையா காலையில் எழுந்ததும் அதன்மேல்தான் நின்று பல் விளக்கினார். அந்த நேரத்தில் அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்ததைத் தெருவே பார்த்தது.

ஒரு வெள்ளிக்கிழமை திலீபனும் வெளியே வந்து பார்த்தான்.

"நல்லாத்தான்ப்பா இருக்கு. நாளைக்குக் காலையில கல்லு வருது."

"அதான் பச்சையா வந்துட்டேப்பா?"

"வளத்துப் பாக்கேன்னீங்க. பாத்தாச்சுல்லா?"

ஏட்டையா மறுபடியும் உப்பளச் சாலைக்கு ஓடினார்.

"நீங்க சொன்னபடியெல்லாம் செஞ்சேன், அம்மா. செடியும் வந்துட்டு. நீங்களே வந்து அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். என் பேச்சு அங்க எடுபடாது."

"வாரேன்" என்றாள் குரு.

சனிக்கிழமை லாரி வந்து நின்றது. குரு சொன்னபடி வந்து வாசலில் நின்றாள். ஏட்டையாவுக்கு உயிர் வந்தது. டிரைவர் இறங்கி, எங்கே இறக்குவது என்று பொதுவாகக் கேட்டார்.

குரு முந்திக்கொண்டாள். "இங்கதான் அண்ணே. செடிமேலயே இறக்குங்க."

ஏட்டையா திகைத்துப்போனார். "அம்மா! என்ன சொல்லுதீங்க?"

"குரு சொல்லுதேன், அண்ணாச்சி. விட்டுக்குடுத்துருங்க. பொடுதலைதான? என்கிட்ட கெடையாக் கெடக்கு. தொட்டியில வச்சு நாலு தாரேன்."

திலீபனுக்கு இந்த அம்மாளைப் பிடித்துப்போனது. "அப்படிச் சொல்லுங்க" என்றான்.

ஆட்கள் லாரியின் பின்கதவைத் திறந்தார்கள். முதல் கல் வந்து பச்சையின் நடுவில் விழுந்தது. இரண்டாவது கல்லை ஒருவன் தூக்கினான்.

ஏட்டையாவுக்கு மகன்மேல் வந்த கோபத்தைவிடக் குருமேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. போய்க் குனிந்தார். விழுந்த கல்லை இரண்டு கையாலும் எடுத்து லாரிக்குள் திரும்பப் போட்டார்.

"வண்டிய எடுல."

"ப்பா?" என்றான் திலீபன்.

"இது என் வாசல். இங்க கல்லு விழாது. இன்னைக்கும் விழாது, நான் இருக்கிற வரைக்கும் விழாது."

"அப்ப காரை எங்க நிறுத்த?"

"எங்க வேணும்னாலும் நிறுத்து. இங்க நிறுத்தாத."

"ஊருக்கு முன்னால என்னை அசிங்கப்படுத்துதீங்க."

"ஆமா. நாளைக்கும் கேட்டேன்னா நாளைக்கும் அசிங்கப்படுத்துவேன்."

பிறகு குருவின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கவில்லை. "நீங்களும் கேட்டுக்கோங்க. உங்க பேச்சையும் இதுல நான் கேக்க மாட்டேன். உங்க தொட்டி எனக்கு வேண்டாம். நாலு இல்ல, நானூறு தந்தாலும் வேண்டாம்."

டிரைவர் ஏட்டையாவின் உயரத்தை ஒருமுறை அளந்து பார்த்தார். மறுபேச்சில்லாமல் வண்டியைப் பின்னால் எடுத்தார். திலீபன் உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினான். வேடிக்கை பார்த்த பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் வாசலைக் குறுக்கே கடந்து போனார்கள்.

எல்லோரும் போன பிறகுதான் ஏட்டையாவுக்குத் தான் செய்தது உறைத்தது. குருவின் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சிருங்க, அம்மா. குரு பேச்சை மீறிட்டேன்."

"மீறினது தப்புன்னு தோணுதா?"

ஏட்டையா தரையைப் பார்த்தார். கல் விழுந்த இடத்தில் இலை நசுங்கியிருந்தது. தெருவைப் பார்த்தார். லாரி முனை திரும்பிவிட்டிருந்தது.

"இல்ல."

"அப்ப எதுக்கு அண்ணாச்சி கும்பிடுதீங்க? கையக் கீழ விடுங்க."