புல்லட்டுக்குப் பூசணிக்காய் காவல்

எங்கள் ஊருக்கே ஒரே ஒரு புல்லட் இருந்த காலம் அது. அதன் படபடச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு ஓடிவரும். வண்டி, ரைஸ்மில் முதலாளி சங்கரலிங்கத்துடையது. வேலையாள் மாடக்கண்ணு அதைத் துடைக்கலாம். ஏறி உட்காரக் கூடாது.

ஒருநாள் டவுன் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினார் முதலாளி. மாடக்கண்ணு பெட்டியோடு முன்னாலேயே பஸ்ஸில் வந்து காத்திருந்தான். வண்டியின் பூட்டு உடைந்திருந்தது.

"பெட்டியத் தூக்கிக்கிட்டு நீயும் மதுரைக்கு வரணும். வண்டியும் களவு போகக் கூடாது. போச்சுன்னா உன் வேலையும் போச்சுல."

அவர் காப்பி குடித்து வருவதற்குள் மாடக்கண்ணு ஒரு பூசணிக்காயைப் பிளந்து, குங்குமம் அப்பி, சீட்டில் வைத்துவிட்டு, மதுரை பஸ்ஸில் ஏறி இடம் பிடித்தான்.

சாயங்காலம் திரும்பினால், பக்கத்தில் நின்ற சைக்கிள்களைக் காணோம். புல்லட் மட்டும் நின்றது. கிட்டே போன முதலாளி பதறிப் பின்வாங்கினார்.

"எவன்ல திருஷ்டி கழிச்சு இதுல வச்சது?"

"நான்தான் முதலாளி. வெறும் பூசணிக்காய்தான். எடுத்துப் போட்டுட்டு ஏறுங்க."

ஊரையே அதட்டுகிறவருக்குக் கை நீளவில்லை.

"நான் பஸ்ல வாரேன். நீயே ஓட்டிட்டு வா... ஆமா, உனக்கு ஓட்டத் தெரியுமால?"

"நெல்லுக் களத்துலயே பழகிட்டேன் முதலாளி. மில்லு ஓடுற சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

அன்று சோற்றுத் தட்டோடு ஓடிவந்த பிள்ளைகளுக்கு, தலை நரைத்த பிறகும் புல்லட் என்றால் மாடக்கண்ணுதான்.