மிடுக்கன் போட்ட சத்தம்

ஒரு ஊர்ல ஒரு வான்கோழி. ஊர்னா நம்ம ஊர் இல்ல செம்பா, கடல் தாண்டி ஒரு காடு. அங்க வான்கோழிய யாரும் வளக்கறதில்ல. அதுவா திரியும், அதுவா மேயும். அவ பேரு சடைச்சி. "ம்" கொட்டு, இல்லன்னா பெரியம்மா நிறுத்திடுவேன்.

"ம்."

அப்போ பனியெல்லாம் உருகி மரத்துல தளிர் விடுற மாசம். விடிஞ்சா போதும், சேவலுங்க ஆட்டம் ஆரம்பிச்சிடும். அதுல மிடுக்கன்னு ஒருத்தன். வாலை விரிச்சு, ரெக்கைய தரையில சர்ர்ர்னு இழுத்துக்கிட்டு, களகளகளன்னு ஒரு கத்து கத்துவான். தலை செவக்கும், நீலமாவும், வெளுக்கும். சடைச்சிக்கும் பிடிச்சுப்போச்சு. பொய் சொல்லக்கூடாது, பாக்க நல்லாத்தான் இருந்தான்.

அப்புறம் அவ புதர் ஓரமா, சருகுக்குள்ள பள்ளம் பறிச்சு, பதினோரு முட்டை வச்சா. இருபத்தெட்டு நாள் உக்காந்தாத்தான் குஞ்சு வரும். அவளும் அரை வயிறா கெடந்து, முட்டைங்ககிட்ட க்ளுக், க்ளுக்னு மெதுவா பேசிக்கிட்டே உக்காந்திருந்தா.

"அப்பா கோழி உக்காராதா பெரியம்மா?"

அதத்தான் சொல்ல வர்றேன். நெனச்சா எனக்கே வயிறு எரியுது.

ஒரு நாள் அவளுக்குத் தொண்டை வறண்டுபோச்சு. "ஏங்க, ஓடையில ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன், செத்த பாத்துக்கங்க"ன்னா. அவன், "ஆட்டத்துக்கு நேரமாச்சு சடைச்சி, மேட்டுப்பக்கம் ரெண்டு கோழி புதுசா வந்திருக்கு"ன்னு போயே போயிட்டான். முட்டை மேல சருகைப் போட்டு மூடிட்டு ஓடினா பாவம். திரும்பி வந்தா, காக்கா ஒரு முட்டைய ஒடைச்சுக் குடிச்சுக்கிட்டிருக்கு. மிச்சம் பத்து.

அப்புறம் சடசடன்னு மழை. ரெக்கைய விரிச்சு விரிச்சுப் பாத்தா, ஒரு ஓரம் மூடல. "ஏங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் மறைச்சுக்கங்க"ன்னா. அவன் அடர்ந்த மரமாப் பாத்து ஒதுங்கிக்கிட்டு, "வால் நனைஞ்சா நாளைக்கு எப்படி விரிப்பேன்?"னு கேக்கறான். கேட்டியா நியாயத்த? அவதான் மழை விடுற வரைக்கும் இப்படியும் அப்படியும் நகந்து நகந்து பத்தையும் காப்பாத்தினா. தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அப்போ இருபத்தஞ்சாம் நாள். முட்டைக்குள்ள குஞ்சுங்க அசையுது. சடைச்சி க்ளுக்னா, உள்ளேருந்து கீ, கீன்னு பதில் வருது. அந்த நேரம் பாத்து மிடுக்கன் புதர்கிட்டயே வந்து வாலை விரிக்கறான்.

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இங்க மட்டும் கத்தாதீங்க. நரி வந்துடும்."

"என் கொரலக் காடே கேக்கணும். நீ சும்மா இரு."

களகளகளகள! காடே கேட்டுச்சு. நரியும் கேட்டுச்சு. சரக், சரக், சரக்குன்னு வருது. நம்ம வீரன் என்ன பண்ணான்? படபடன்னு உச்சிக்கெளைக்குப் பறந்துட்டான். சடைச்சி பறக்கல. ரெக்கை ஒடிஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டு, நொண்டி நொண்டி நரி கண்ணு முன்னாடியே போனா. நரி முட்டைய விட்டுட்டு அவளத் தொரத்துச்சு. ரொம்ப தூரம் கூட்டிட்டுப் போயி, விர்ருன்னு எழும்பிட்டா. வால் எறகு நாலு நரி வாயோட போச்சு. திரும்பி வந்து முட்டையத் தடவிப் பாத்தா, பத்தும் இருந்துச்சு.

"குஞ்சு?"

பொறந்துச்சு, பத்தும். அப்போதான் வர்றான் மிடுக்கன், கூட ரெண்டு சேவல வேற கூட்டிக்கிட்டு. "பாருங்கடா, அத்தனையும் எம்புள்ளைங்க. நான் ஒரு கொரல் குடுத்தா ஓடி வரும்"னான். நெஞ்ச நிமித்திக் களகளகளன்னான்.

ஒண்ணுகூட வரல. பத்தும் சருகுக்குள்ள பொத்துனு படுத்து, மூச்சக்கூட விடல.

"என்னடி இது, அப்பன் கொரல் தெரியலையா இதுங்களுக்கு?"

சடைச்சி சொன்னா, "ஏன் தெரியாது, நல்லாத் தெரியும். முட்டைக்குள்ள இருக்கும்போதே கேட்டதுதான். அந்தச் சத்தம் வந்தா பின்னாடியே நரி வரும்."

கூட வந்த சேவலுங்க மெதுவா நழுவிடுச்சுங்க. அவன் வால் தானா மடங்கிப்போச்சு. சடைச்சி திரும்பி நின்னு, க்ளுக்னா. அவ்வளவுதான். பத்தும் ஓடி வந்து அவ ரெக்கைக்குள்ள பூந்துக்குச்சு.

நீயும் போர்வைக்குள்ள பூந்துக்க. குஞ்சுங்க தூங்கியாச்சு, கதையும் தூங்கியாச்சு.

"...ம்."