புகைபோக்கிப் பளபளப்பு

ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் தவுடி என்றொரு தவிட்டுக்குருவி தன் கூட்டத்தோடு வாழ்ந்து வந்தது. கூட்டத்துக்குக் காவல் அதுதான். வல்லூறின் நிழல் தெரிந்தால் போதும், கத்திக் கத்திக் காட்டையே கூட்டிவிடும்.

ஒருநாள் வெள்ளிச்சி என்ற மாடப்புறா நகரத்திலிருந்து அங்கே குடிவந்தது. வெள்ளித்தூள் தூவினாற்போல் அதன் இறகுகள் வெயிலில் மின்னின. குருவிகள் எல்லாம் வெள்ளிச்சியையே சுற்றி வந்தன. தவுடியின் சொந்தக் குஞ்சுகூட, "அம்மா, நீ ஏன் அந்த அத்தை மாதிரி மின்னவில்லை?" என்று கேட்டுவிட்டது.

தவுடிக்கு வயிறு எரிந்தது. இரை இறங்கவில்லை. தண்ணீரில் தன் மண்நிற உருவம் தெரிந்தபோது, காலால் கலக்கிவிட்டுப் போனது.

கடைசியில் வெள்ளிச்சியிடம் கேட்டே விட்டது. "அக்கா, இந்த மினுமினுப்பு எங்கே கிடைத்தது?"

"ஐயோ, இதுவா அழகு! பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறை ஒன்றின் புகைபோக்கிக்கு அடுத்த கூரையில் குடியிருந்தேன், தங்கச்சி. புகையோடு ஈயத்தூள் பறக்கும். இறகில் ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும். மூச்சோடு உள்ளே போவது தெரியாது. நான் இட்ட முட்டை ஒன்றுகூடக் குஞ்சு பொரிக்கவில்லை. நல்ல காற்றைத் தேடித்தான் இங்கே வந்தேன். நீ அந்தப் பக்கமே போகாதே!"

'தான் மட்டும் மின்ன வேண்டுமென்று கதை கட்டுகிறாள்!' என்று நினைத்தது தவுடி.

மறுநாளே குஞ்சைக் கூட்டத்திடம் விட்டுவிட்டு நகரத்துக்குப் பறந்தது. புகைபோக்கியின் விளிம்பில் காற்று தொண்டையை அறுத்தது. கண் எரிந்தது. 'இன்னும் கொஞ்சம் மின்னட்டும்!' என்று சில வாரங்கள் அங்கேயே கிடந்தது.

ஊர் திரும்பியபோது தவுடி வெள்ளிச்சியைவிட அதிகமாக மின்னியது. குருவிகள் வாய் பிளந்தன. "இப்போது யார் அழகு?" என்று கேட்க வாயைத் திறந்தது. இருமல்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து வல்லூறின் நிழல் தரையில் விழுந்தது. கீழே குஞ்சு தாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தவுடி கத்தப் பார்த்தது. குரல் எழும்பவில்லை. பாயப் பார்த்தது. சிறகு கனத்தது.

"ஓடுங்கள்! ஓடுங்கள்!" என்று சிறகைப் படபடவென அடித்துக்கொண்டு பாய்ந்தது வெள்ளிச்சி. கூட்டம் சிதறியது. வல்லூறின் நகத்தில் குஞ்சின் இரண்டு வால் இறகுகள் மட்டுமே சிக்கின.

"அம்மா, நீ ஏன் என்னைக் கூப்பிடவில்லை?" என்று கேட்டது குஞ்சு.

தவுடி ஏரியில் இறங்கி முங்கி முங்கிக் குளித்தது. பளபளப்பு தண்ணீரோடு போனது. குரல் திரும்பவில்லை.

அதன்பின் காவல் கிளையில் வெள்ளிச்சி உட்கார்ந்தது. தவுடி இருமிக்கொண்டே அதற்குத் தானியம் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தது.

பொறாமை பிடித்த கண்ணுக்குப் பிறருடைய பளபளப்பு தெரியும்; அதற்குள் இருக்கும் நஞ்சு தெரியாது.